ஆங்கிலத்தில் பேச்சு தடம் மாறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புதிதாகச் சேருபவர்களின் மின்னஞ்சல்களையும் வாடிக்கையாளர் அழைப்புகளின் பதிவுகளையும் பார்த்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. இலக்கணப் பிழை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 'சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போயிட்டோம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது மட்டும் எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்து, அறிகுறிவாரியாக எழுதி வைத்ததுதான் இது. உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

போகும் முன் ஒரே ஒரு சோதனை. தடம் மாறியது யார்? நீங்களா, எதிரில் இருப்பவரா, மொத்தக் கூட்டமுமா? தன்னைப் பற்றிச் சொன்னால் பணிவாக ஒலிக்கிற அதே தொடர், அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் அதட்டலாக மாறிவிடும். பாதிப் பிரச்சினை இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடுகிறது.

அறிகுறி: புரிகிறது, ஆனால் நாம் சொன்னதை அவர்கள் திருத்தித் திருப்பிச் சொல்கிறார்கள்

செலவில்லாத பழுது. ஒரு சொல்லையோ ஓர் எழுத்தையோ மாற்றினால் போதும்.

'அவுட் ஆவ் டாபிக்' என்றீர்களா? 'அவுட் ஆவ் சிலபஸ்' சொல்லிப் பழகிய வாய் அப்படித்தான் வரும். வேண்டியது 'ஆஃப் டாபிக்', அதாவது இரண்டு எஃப் போட்ட ஆஃப். 'சாரி, திஸ் இஸ் எ பிட் ஆஃப் டாபிக்' என்று ஆரம்பித்துவிட்டு வேறு விஷயம் பேசினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

'டேன்ஜென்ட்' சொன்னீர்களா? அதற்கு முன்னால் 'இன்' வராது. அமெரிக்கர்கள் 'வென்ட் ஆஃப் ஆன் எ டேன்ஜென்ட்' என்பார்கள். பிரிட்டிஷ்காரர்களிடம் 'ஆஃப் அட் எ டேன்ஜென்ட்' என்பதும் உண்டு. இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக் கணக்கில் வந்த அதே தொடுகோடுதான் இது. எனவே பேசிக்கொண்டிருந்த விஷயத்தை ஏதாவது ஓர் இடத்தில் தொட்டுவிட்டு விலகினால் மட்டுமே பொருந்தும். பட்ஜெட் பற்றிப் பேசும்போது ஒருவர் போன வருடத்துப் பட்ஜெட்டில் நடந்த குளறுபடிக்குப் போனால் அது டேன்ஜென்ட். மதியம் சாப்பாடு எங்கே என்று கேட்டால் அது வெறும் 'சேஞ்சிங் த சப்ஜெக்ட்'.

'தட்ஸ் பிசைட்ஸ் த பாயின்ட்' என்றால் கடைசி எஸ்ஸை எடுத்துவிடுங்கள். 'பிசைட்ஸ்' என்றால் 'அதோடு கூட' என்று அர்த்தம். 'பிசைட் த பாயின்ட்' என்றால்தான் 'அது இப்போதைய பேச்சுக்குச் சம்பந்தமில்லை'.

'ஐ சைட்டிராக்ட்' என்றால் கேட்பவர் 'யாரை?' என்று காத்திருப்பார். கவனம் சிதறியது உங்களுக்கு என்றால் 'ஐ காட் சைட்டிராக்ட்'. இந்தத் தொடரை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். தாமதத்துக்கும் பேச்சுக்கும் இரண்டுக்கும் பொருந்தும், யார் மேலும் பழி விழாது.

'மியூட் பாயின்ட்' என்று எழுதியிருந்தால் அது 'மூட் பாயின்ட்'. ஆனால் திருத்தியதும் நிம்மதி அடைய வேண்டாம். அதன் அர்த்தத்திலேயே ஒரு பொறி உண்டு, கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

சோதிக்க: கேம்பிரிட்ஜ் அகராதியும் ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதியும் இணையத்தில் இலவசம். தனிச் சொல்லைத் தேடாமல் முழுத் தொடரையும் போட்டுத் தேடுங்கள். எந்த முன்னிடைச்சொல் வரும் என்பது உதாரண வாக்கியங்களிலேயே தெரிந்துவிடும். இதற்கெல்லாம் வகுப்பில் சேர்ந்து பணம் கட்டத் தேவையில்லை.

அறிகுறி: சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிட்டது

அதிகம் வருவது இதுதான், அதிகம் சேதம் செய்வதும் இதுதான். மலிவான காரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில் பாருங்கள்: வாக்கியம் 'யூ' என்று தொடங்கியதா? கல்லூரி வளாக நேர்காணலின் குழு விவாதங்களில் தவறாமல் கேட்கும் வாக்கியம் 'யூ ஆர் டீவியேட்டிங் ஃப்ரம் த டாபிக்'. இலக்கணம் சரி. இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். ஆனாலும் அது விரல் நீட்டிக் குற்றம் சொல்வது. எதிராளியை மடக்கிவிட்டதாகச் சொன்னவர் நினைக்கிறார், மதிப்பெண் போடுபவரோ இவருக்குக் குழுவில் ஒத்துப்போக வராது என்று குறித்துக்கொள்ளக்கூடும். 'யூ'வை எடுத்துவிட்டு 'வீ' போடுங்கள். 'ஐ திங்க் வீ ஆர் கெட்டிங் ஆஃப் டாபிக்.' 'வீ ஹேவ் டிரிஃப்டட் எ பிட்.' அவ்வளவுதான் வேலை. தமிழில் 'சார், நாம எங்கேயோ போயிட்டோம்' என்று நமக்கு நன்றாகவே சொல்ல வரும். மேலதிகாரி தனியாகக் கிளம்பிப் போன ஊருக்கு நாமும் கூடவே போனதாகச் சொல்கிற அந்தச் சாமர்த்தியம் ஆங்கிலம் என்றதும் ஏன் காணாமல் போகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

'யூ' இல்லை, அப்படியும் முகம் மாறியதா? அப்படியானால் சொல்லில் உள்நோக்கம் ஏறியிருக்கும். விலகுவதைக் குறிக்கும் தொடர்களில் சில, 'நீ வேண்டுமென்றே செய்கிறாய்' என்பதையும் சேர்த்தே சொல்லும். 'டோன்ட் டைவர்ட் த டாபிக்' அப்படிப்பட்டது, நம் ஊருக்கு வெளியே அது அவ்வளவாகப் புழங்குவதும் இல்லை. 'டோன்ட் சேஞ்ச் த சப்ஜெக்ட்' எங்கும் புழங்கும், கோபத்தோடு. 'ரெட் ஹெர்ரிங்' இன்னும் கடுமை: கவனத்தைத் திருப்புவதற்கென்றே போட்ட பொய்த்தடம். முயலைத் துரத்தும் வேட்டைநாய்களை, புகையூட்டிய மீனின் (அதன் பெயர்தான் ரெட் ஹெர்ரிங்) வாசனையால் திசைதிருப்பிய சிறுவனின் கதையை வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1807-இல் எழுதினார். பத்திரிகைகள் ஏமாந்துபோனதைக் கிண்டல் செய்ய எழுதியது அது. அந்தத் தொடர் பரவியதற்கு அவர்தான் காரணம் என்பார்கள். தணிக்கை அறிக்கையில், 'இந்தப் புள்ளிவிவரம் ஒரு ரெட் ஹெர்ரிங்' என்று பொருளைக் குறித்து எழுதலாம். சக ஊழியர் சொன்னதை அப்படிச் சொன்னால் அவரை ஏமாற்றுக்காரர் என்றே சொல்லியாயிற்று.

'பீட்டிங் அரவுண்ட் த புஷ்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதைத் தடம் மாறுவதற்கான பொதுச் சொல்லாக நினைத்து எல்லா இடத்திலும் போடுகிறார்கள். இது அதுவல்ல. சொல்ல வேண்டியது என்னவென்று தெரியும், சொல்லத் தயங்கிச் சுற்றி வளைக்கிறார், அதற்குத்தான் இது. சம்பள உயர்வு இல்லை என்பதைச் சொல்ல முடியாமல் மேலாளர் அரை மணி நேரம் நிறுவனத்தின் கஷ்டங்களைச் சொன்னால் அது பொருந்தும். ஆர்வக்கோளாறில் ஒருவர் தன் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசப் போய்விட்டார் என்றால் பொருந்தாது. அவர் எதையும் மறைக்கவில்லை.

'ராம்ப்ளிங்' என்றால் தொடர்பில்லாமல் நீட்டி முழக்குவது. 'சாரி, ஐ ஆம் ராம்ப்ளிங்' என்று உங்களைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அடுத்தவரைச் சொன்னால் சிரிக்க மாட்டார். 'வாஃபிள்' இன்னும் குழப்பம். பிரிட்டனில் அது வெற்றுப் பேச்சு, அமெரிக்காவில் முடிவெடுக்க முடியாமல் அலைபாய்வது. வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் விலை அதிகமானது 'யூ ஹேவ் லாஸ்ட் த பிளாட்'. கதையின் இழையைத் தவறவிட்டீர்கள் என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பீர்கள். பிரிட்டிஷ் காதுக்கு அது 'உனக்குப் புத்தி பிசகிவிட்டது'. நீங்கள் தேடிய தொடர் 'லாஸ்ட் த த்ரெட்'. 'ஆஃப் த ரெயில்ஸ்' என்பதும் இதே ரகம். ஒருவரைப் பற்றி அப்படிச் சொன்னால் அவர் நடத்தை கெட்டு ஒழுங்கு தவறியதாகக் கேட்கும். உங்களுக்கு வேண்டியது சாதாரண 'ஆஃப் டிராக்'.

சோதிக்க: அதே அகராதியில் தொடருக்குப் பக்கத்தில் 'டிஸப்ரூவிங்' என்று குறி போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றால், அந்த நிமிடத்திலேயே 'சாரி, தட் கேம் அவுட் ராங்' என்று சொல்லி, 'வீ' போட்ட வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வாயாலேயே சரியாகும். வாடிக்கையாளருக்கு எழுத்தில் போய்விட்டது என்றால் நீங்களாக விளக்கக் கடிதம் எழுதாதீர்கள். இரண்டாவது கடிதம் முதலாவதைவிட நீளமாகத்தான் வரும். உங்கள் மேலாளரிடம் சொல்லி அவரைத் தொலைபேசியில் பேச வையுங்கள். ஆள் கூப்பிட வேண்டிய இடம் இது.

கேட்பவரைப் புண்படுத்தாமல் நிறுத்த எனக்குத் தெரிந்ததில் நன்றாக வேலை செய்வது இந்த அமைப்பு: முதலில் ஒப்புக்கொள்வது, பிறகு நேரம் குறிப்பது. 'தட்ஸ் எ குட் பாயின்ட். கேன் வீ கம் பேக் டு இட் ஆஃப்டர் த பட்ஜெட்?' குறித்த நேரத்தில் நீங்களே அதை எடுக்கவும் வேண்டும். எடுக்காமல் விட்டால் அடுத்த முறை அவர் நிறுத்த மாட்டார்.

அறிகுறி: 'எனிவே' என்றதும் எதிர்முனையில் 'ஓகே, பை' சொல்லி வைத்துவிட்டார்கள்

விட்ட இடத்துக்குத் திரும்புவதற்காக நீங்கள் 'எனிவே' சொன்னீர்கள். தொலைபேசியில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, பேச்சை முடிக்கிறேன் என்று அறிவிப்பது. குரலை இறக்கி 'எனிவே...' என்று இழுத்து நிறுத்தினால் விடைபெறுகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நிறுத்தாதீர்கள். அதே மூச்சில் விஷயத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'எனிவே, அபவுட் த இன்வாய்ஸ்'. 'சோ, பேக் டு த டெலிவரி டேட்' என்பதும் அதே வேலையைச் செய்யும். 'எனிவேஸ்' என்று எஸ் சேர்ப்பது பேச்சில் பரவாயில்லை, எழுத்தில் வேண்டாம். 'ஆஸ் ஐ வாஸ் சேயிங்' என்பதும் திரும்ப உதவும். ஆனால் இன்னொருவர் குறுக்கிட்ட உடனே சொன்னால் 'நடுவில் பேசிக் கெடுத்துவிட்டாய்' என்ற எரிச்சல் தொனிக்கும்.

அறிகுறி: 'பை த வே' போட்டு எழுதிய வேலை நடக்கவே இல்லை

மின்னஞ்சலின் கடைசி வரியில் 'பை த வே, சர்வர் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்று எழுதியிருப்பீர்கள். படித்தவர் அதைப் போகிறபோக்கில் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லும் சொல்தான் அது. 'இன்சிடென்ட்டலி', 'தட் ரிமைண்ட்ஸ் மீ' இரண்டும் இதே ஜாதி. நடந்தே ஆக வேண்டிய வேலைக்கு இவை எதுவும் கூடாது. தனி மின்னஞ்சல், தனித் தலைப்பு. ஒரே மின்னஞ்சலில்தான் வர வேண்டும் என்றால் 'செப்பரேட்லி' என்று தனிப் பத்தியாகத் தொடங்குங்கள்.

அறிகுறி: விலகிவிட்டது தெரிகிறது, திரும்பி வர முடியவில்லை

முதலுதவி: 'வேர் வாஸ் ஐ?' என்று வாய்விட்டே கேளுங்கள். கேட்பவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். 'சாரி, ஐ லாஸ்ட் மை ட்ரெய்ன் ஆவ் தாட்' என்பதும் மரியாதையாகவே எடுத்துக்கொள்ளப்படும். விட்ட இடம் தெரியவில்லை என்பதை மறைக்கப் பேசிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

இது எப்போதாவது நடந்தால் இத்தோடு முடிந்தது. அடிக்கடி நடந்தால் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, ஒரே விஷயத்தை, உதாரணத்துக்கு உங்கள் கடைசி வேலையில் நடந்த ஒரு சிக்கலை, முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். இரண்டையும் போட்டுக் கேளுங்கள்.

தமிழ் நேராகப் போய் ஆங்கிலம் மட்டும் சுற்றுகிறதா? சொல் போதவில்லை. வேண்டிய சொல் வாயில் வராததால் அதைத் தவிர்த்துச் சுற்றிப் போய், சுற்றிய வழியிலேயே தங்கிவிடுகிறீர்கள். பதிவைக் கேட்டு, சுற்று எங்கே தொடங்கியது என்று குறியுங்கள். அங்கே தேவைப்பட்ட சொல்லை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தச் சொற்களஞ்சியத்தையும் பெருக்குகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

தமிழிலும் சுற்றுகிறதா? அப்படியானால் இது ஆங்கிலப் பிரச்சினையே இல்லை. எந்தத் தொடரை மனப்பாடம் செய்தாலும் தீராது. பேசும் முன் முடிவை ஒரு வரியில் எழுதி, அந்த வரியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு காரணங்களுக்குப் போங்கள். நம் பேச்சு வழக்கு பின்னணியிலிருந்து தொடங்கி விஷயத்துக்கு வரும். கல்யாணத்துக்கு அழைக்கப் போனால்கூட ஊர்ச் செய்தி, உறவுச் செய்தி எல்லாம் முடிந்துதான் பத்திரிகை வெளியே வரும். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கால் மணி நேரக் காணொலி அழைப்பில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

தனியாகப் பேசினால் இரண்டும் நன்றாக இருந்து, ஆட்கள் முன்னால் மட்டும் கலைகிறதா? அது பதற்றம். பழகினால் குறையும். குறையவில்லை என்றால் பேச்சுப் பயிற்சி தருபவரிடம் போகலாம். போகும்போது இந்தப் பதிவுகளையும் கொண்டுபோங்கள். அவற்றைக் கேட்காமலேயே பொதுப் பாடத்தைத் தொடங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று உண்டு. இதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், அதுவும் வயதானவர், தாய்மொழியிலேயே அடிக்கடி பேச்சின் இழையை விடுகிறார், பழகிய சொற்களைத் தேடுகிறார் என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று பேச்சு குழறினால் அன்றைக்கே, உடனே.

அறிகுறி: தப்பே இல்லை, ஆனால் ஒப்பிப்பதுபோல ஒலிக்கிறது

இது பெரும்பாலும் 'பட் ஐ டைக்ரெஸ்', அதாவது 'ஆனால் நான் விலகிப் போகிறேன்', செய்யும் வேலை. கொஞ்சம் நாடகத்தனமான தொடர் அது, தன்னையே கேலி செய்துகொள்ளும்போதுதான் எடுபடும். அடுத்தவரைப் பார்த்து 'யூ டைக்ரெஸ்' என்றால் பழைய காலத்து நீதிபதி பேசுவதுபோல இருக்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில், தலைப்பு எழுதிய கியூ கார்டைப் பார்த்து ஒரு நிமிடம் தயார் செய்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டிய இடத்தில், இதை எப்படியாவது செருகிவிடப் பார்க்கிறார்கள். அங்கே மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சரளமும் கோர்வையும். விலகவே இல்லாத ஒருவர் 'நான் விலகிவிட்டேன்' என்று சொன்னால் கோர்வை எப்படிக் கூடும்? நிஜமாகவே விலகினால் 'எனிவே, கோயிங் பேக் டு...' போதும். விலகவில்லை என்றால் எதுவும் வேண்டாம்.

அறிகுறி: கூட்டம் முடிந்த பிறகு ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள்

வேறு வேறு நாட்டு ஆட்கள் சேரும் அழைப்புகளில் வருவது. காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லாக இருக்கும்.

'லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்' என்றால் இணையத்தைத் துண்டிப்பது இல்லை. இந்தக் கூட்டத்தில் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்பது. யார் யாரிடம் எப்போது பேசுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். 'லெட்ஸ் பார்க் தட்' என்றால் தற்காலிகமாக ஓரம் கட்டுவது. நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, என்றாலும் ஓரம் கட்டியது பலமுறை அங்கேயே கிடந்துவிடும்.

'டேபிள்' வந்தால் உஷார். பிரிட்டிஷ் வழக்கில் ஒன்றை 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்கு எடுப்பது. சட்டப்பேரவையில் அறிக்கை 'டேபிள்' செய்யப்பட்டது என்று நம் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவதும் தாக்கல் செய்யப்பட்டது என்ற இந்த அர்த்தத்தில்தான். அமெரிக்கருக்கு அதே சொல் விவாதத்தைத் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் இந்தச் சொல்லை வைத்து நெடுநேரம் கசப்போடு வாதாடி, கடைசியில் இருவரும் கேட்டது ஒன்றையேதான் என்று கண்டுபிடித்ததைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். 'டிஸ்கஸ் நவ்' அல்லது 'போஸ்ட்போன்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

'மூட் பாயின்ட்' அமெரிக்காவில் இனிப் பேசிப் பயனில்லாத விஷயம். பிரிட்டிஷ் வழக்கில் இன்னும் வாதிடத்தக்க விஷயம். ஏறக்குறைய எதிரெதிர்.

சோதிக்க: கூட்டம் முடிந்த அன்றே நீங்கள் புரிந்துகொண்டதை மூன்று நான்கு வரிகளில், மரபுத்தொடர் எதுவும் இல்லாமல் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் யாராவது ஒருவர் பதில் போட்டுவிடுவார். இந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று ஒப்பந்த வரைவிலோ கையெழுத்தாகும் கூட்டக் குறிப்பிலோ ஏறியிருந்தால் அகராதியை மூடிவிட்டு, கையெழுத்து போடும் முன் நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு அனுப்புங்கள்.